ஏழுக்கு நடுவே ஒரு கோடு

முசியே,

உன் டப்பா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னமும் வெண்ணெய் பிஸ்கட் வாசனை வருகிறது. பிஸ்கட் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, உள்ளே இருப்பது வெறும் காகிதம், ஆனாலும் தகரம் அந்த வாசனையை விடவில்லை. மூடியில் இருக்கிற பாய்மரக் கப்பலின் நீலம், உன் கட்டைவிரல் பட்ட இடத்தில் மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருக்கிறது.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது உன் மகள் இதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "அப்பா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு மாமா. உள்ள என்னா இருக்குன்னு நான் பாக்கல." பார்க்கவில்லை என்று யாராவது தானாக முன்வந்து சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். அது உனக்குத் தெரியும். அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். நிஜமாகவே பார்க்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்தேன். செத்த பிறகு ஓர் ஆள் எனக்கு ஒரு பொருளை அனுப்புகிறான் என்றால், உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாத காரணம் ஒன்று அவனுக்கு இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கடல் பொங்கி வந்த அந்த வருஷம் நம் கோயில் பிள்ளைகள் வீராம்பட்டினத்துக்குச் சோற்றுப் பொட்டலமும் பாயும் தூக்கிக்கொண்டு போனார்கள். போய் வந்த பிறகு அவர்கள் பேச்சு மாறிவிட்டது. பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான், புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் அவர்களை எட்டு எட்டுப் பேராகப் பிரித்தார். ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும். குழுவுக்கு இரண்டு பெரியவர்கள். நம் குழுவுக்கு நீயும் நானும்.

நம் இருவரையும் ஏன் ஜோடி சேர்த்தார் என்று அப்போதே யோசித்தேன். நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. நான் மில் மூடியதும் வீட்டுக்கு வந்தவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. வேதாகமத்தை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நூல் கண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து நானே படித்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுவதுபோல் உன்னை முசியே என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். நீ பதிலுக்கு என்னை மில்லு என்றாய். ஒருவன் கண்காணிக்க, ஒருவன் கண்காணிக்கப்பட என்றுதான் நம்மைச் சேர்த்தார்கள் என்று முடிவு செய்தேன். இதில் யார் எவர் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நாம் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் பதிலோடு போக வேண்டும் என்பது என் கட்சி. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வருவேன். நீ வெறுங்கையோடு வருவாய். ஒரே ஒரு கேள்வி கேட்பாய். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். யாரும் பேச மாட்டார்கள். மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டுச் சுற்றும். எனக்குத் தாங்காது, வாயைத் திறப்பேன். நீ என் காலை மிதிப்பாய்.

"இப்படி ஊமையா ஒக்காந்திருந்தா பசங்க என்னா கத்துக்கும்?" என்று வெளியே வந்ததும் சண்டை பிடிப்பேன்.

"நீ பத்து எண்றதுக்குள்ள வாயத் தொறந்துடற மில்லு. பதினொண்ணுல ஒருத்தன் பேசுவான் பாரு."

அப்படியே நடந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். அருள் என்று ஒருவன் இருந்தானே, மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவன், வாயைத் திறந்தால் நையாண்டிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என் காலை மிதித்தபடியே இருந்தபோது அவன் தலை நிமிராமல் சொன்னான்: "வீராம்பட்டினத்துல ஒரு ஆளு கரையில குந்திக்கினு கடலையே பாத்துக்கினு இருந்தாரு. ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன். சோத்த வெச்சுட்டுப் போப்பான்னாரு. அதுலேருந்து எனக்கு ஜெபமே வரல."

நான் என் நான்கு பக்கத்தைப் புரட்டினேன். நீ, "சோத்த வெச்சியா?" என்று மட்டும் கேட்டாய். "வெச்சேன்" என்றான். "சரி" என்றாய். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நீ இந்த டப்பாவைக் கொண்டுவந்தாய். வாயால் கேட்க முடியாததைச் சீட்டில் எழுதி இதில் போடலாம், பெயர் வேண்டாம், டப்பா உன் மடியில் இருக்கும், நான் ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க வேண்டும். "போட்டது யாருன்னு யாரும் கேக்கக் கூடாது. நாமளும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய்.

நான் எதிர்த்தேன். பெயர் இல்லாத காகிதத்துக்கு என் ஊரில் மொட்டைக் கடுதாசி என்று பெயர். மில்லில் என்மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போனது. வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேர்க்கிறேன் என்று எவனோ எழுதிப்போட்டு, பதினொரு நாள் என்னை மில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். எழுதினவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து யார் கையெழுத்தைப் பார்த்தாலும் என் கண் அதன் சுழியையும் கொம்பையும் தடவிப் பார்க்கும். இதை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "இது கோயிலு, மில்லு. மில்லு இல்ல."

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. காதல், பரீட்சை, குடிக்கிற அப்பா, சாமியார் ஏன் பிரசங்கத்தை நீட்டுகிறார், இப்படித்தான் சீட்டுகள். பிறகு ஆகஸ்டு மாதா திருநாளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டு வந்தது. அச்சடித்ததுபோல் தனித்தனி எழுத்து.

"7 மாசமா ஜெபம் பண்றேன். அந்தப் பக்கம் யாரும் இல்ல. இருக்கற மாதிரி இன்னும் எவ்வளவு நாள் நடிக்கறது?"

நான் வாசித்து முடித்ததும் நீ, "இதுக்கு யாரும் பதில் சொல்ல வேணாம். கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்றாய். நான் அந்தச் சீட்டை டப்பாவில் திருப்பிப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விசுவாசம் இல்லாத ஒரு பிள்ளை விசுவாசிபோல் நம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இன்றும் சொல்கிறேன், என் எண்ணம் கெட்டதில்லை. வாரம் முழுக்க அந்தச் சீட்டைப் பார்த்தேன். அந்த ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருந்தது. தமிழ்ப் பள்ளியிலோ இங்கிலீஷ் பள்ளியிலோ படித்தவன் அப்படி எழுத மாட்டான். இந்த ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள்தான் ஏழுக்குக் கோடு போடுவார்கள்.

அடுத்த ஞாயிறு, திருநாள் வேலைக்குப் பட்டியல் என்று பொய் சொல்லி எல்லோரையும் பிறந்த தேதியும் போன் நம்பரும் எழுத வைத்தேன். எட்டுப் பேரில் ஒரே ஒருத்தியின் ஏழில்தான் கோடு இருந்தது. ஜோஸ்லின். பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். குழுவிலேயே அதிகம் பேசாதவள்.

அதற்கடுத்த ஞாயிற்றை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை.

"ஏழுக்கு நடுவுல கோடு போட்டு எழுதறவங்க இங்க யாரு?" என்று ஆரம்பித்தேன்.

அருள் உடனே, "ஏழுக்கு பெல்ட்டு கட்டி விடறது நம்ம ஜோஸ்லின்தான் ஐயா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "எங்க ஸ்கூல்ல அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஏன் அங்கிள்?"

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். "இது உன்னுதா?"

சிரிப்பு நின்றது. "யாருதுன்னு கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல?" என்றாள்.

"ரூலு இருக்கட்டும். உன்னுதா இல்லியா?"

"மில்லு, விடு" என்றாய் நீ. நீ அவளுக்குப் பரிந்து வருகிறாய் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். உன்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னுதுன்னே வெச்சிக்கங்க அங்கிள்" என்றாள். பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் குழுவுக்கு வரவில்லை.

நான் அதோடு விட்டேனா? இல்லை. அவள் அப்பாவைக் கோயில் வாசலில் பார்த்துச் சொன்னேன். கடமை என்று நினைத்தேன். அவர் அவளைத் தினமும் காலைப் பூசைக்கு இழுத்து வந்து முன்வரிசையில் முழங்காலில் நிறுத்தினார். ஒரு மாதம் அதைப் பார்த்தேன். அவள் பலிபீடத்தையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவருஷம் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க பிரான்சுக்குப் போய்விட்டாள்.

அவள் அப்பாவிடம் நான் சொன்ன அந்த மாதமே என்னைச் சின்னச் சாமியார் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு நீங்க குழுவுலேருந்து ஓய்வெடுங்க ஐயா" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றார். நம்புகிற ஆளா நான்? நீதான் சொன்னாய் என்று அன்றே முடிவுகட்டினேன். இன்றும் அதில் எனக்கு மாற்றம் இல்லை. சொன்னது நியாயம் என்று மட்டும் இப்போது தோன்றுகிறது. அதை எழுதவே பேனா தயங்குகிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நீ மூலக்குளத்தில் என் வீட்டு வாசலில் மொப்பெட்டை நிறுத்தினாய். "நாளைக்கு என்னா பேசறது, எழுதிக் குடு மில்லு."

"என்னைத் தொரத்திட்டு எங்கிட்டயே வந்து கேக்கறியா?"

"பசங்க காத்துக்கினு இருக்கும்."

கொடுத்தேன். பிள்ளைகளுக்காக. உனக்காக இல்லை. அதன்பின் சனிக்கிழமைதோறும் நீ வந்தாய். நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல கேள்வி எது?" என்பாய். நான் முனகிக்கொண்டே ஒரு வரியின் கீழ் கோடு போடுவேன். அந்த ஒரு வரியைத்தான் நீ அவர்களிடம் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். வருஷம் போகப் போக என் நான்கு பக்கம் இரண்டானது, பிறகு ஒன்றானது. நான் நுழையக் கூடாத அறைக்குள் என் கேள்வி மட்டும் உன் வாயில் உட்கார்ந்து போய் வந்தது. "அந்தப் பொண்ணு வந்துச்சா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் நீ "இல்ல" என்று என் வீட்டுக் காலண்டரைப் பார்த்தாய்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் அவளைக் கேட்ட அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நீ என் முன்னால் எதையும் எழுதியதில்லை. தேதி குறிக்க வேண்டுமானாலும் "நீ எழுது, கண்ணாடி வீட்டுல இருக்கு" என்பாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூடப் படிவத்தை என் கையில்தான் திணித்தாய். கண்ணாடி உன் சட்டைப்பையில் இருந்தது. அதைப் பார்த்தேன். எவன் எதை மறைக்கிறான் என்று நாளெல்லாம் தேடுகிற நான், அது ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

நான்காம் நாள் டப்பாவைத் திறந்தேன். பிள்ளைகளின் சீட்டுகளையெல்லாம் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாய். மேலே தனியாக ஒரு பழுப்பு உறை. அதற்குள் இருபது சீட்டுகள். எல்லாம் அச்சடித்ததுபோல் தனித்தனி எழுத்து.

"8 மாசம். பொண்ணு எழுந்து போச்சு. நான் ஒக்காந்தே இருந்தேன்."

ஒன்பது. பத்து. மாதத்துக்கு ஒன்று. "17 மாசம். மில்லு எழுதிக் குடுத்ததக் கேக்கறேன். பசங்க நம்புது. எனக்கு என்னான்னு தெரியல." அந்த ஏழுக்கு நடுவில் கோடு இருந்தது.

நீ சின்ன வயசில் எந்தப் பள்ளியில் படித்தாய், எந்தப் பட்டாளத்தில் கணக்கு எழுதினாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். எட்டுப் பிள்ளைகளையும் எழுத வைத்தேன். பக்கத்து நாற்காலியை நான் எண்ணவே இல்லை. நம்பிக்கை போவதென்றால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் போகும், நம் வயசில் அது எலும்பாகிவிட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரம் உன் வீட்டம்மாவை அடக்கம் செய்தோம். குழிக்கு முதல் மண் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஜனவரியிலிருந்து ஆகஸ்டு. ஏழின் நடுவில் இருந்த கோட்டைப் பார்த்தேன். அந்த ஏழு மாதத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

கடைசிச் சீட்டு இது: "27 மாசம். இன்னும் ஒண்ணும் கேக்கல. ஆனா ஞாயித்துக்கிழமன்னா காலு தானா கோயிலுக்குப் போவுது." அதற்குப் பிறகு சீட்டு இல்லை. அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார் என்று தெரிந்து நிறுத்தினாயா, இல்லை என்று முடிவாகி நிறுத்தினாயா? ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதாமல் போயிருக்கிறாய். கேள்வியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது உனக்குப் புதிதா?

எனக்கு உன்மேல் ஆத்திரம் தீரவில்லை. நான் கேட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நீ வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அதையும் நீ எட்டாவது மாதச் சீட்டிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால் சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லை.

ஜோஸ்லினின் அம்மாவிடம் நம்பர் வாங்கி, நேற்று போன் செய்தேன்.

"நான் மில்லுக்கார அங்கிள் பேசறேன். மூலக்குளம்."

"நல்லாருக்கீங்களா அங்கிள்? முசியே தாத்தா போயிட்டாருன்னு அம்மா சொன்னாங்க."

"அந்தச் சீட்டு உன்னுது இல்ல."

"தெரியுமே" என்றாள்.

"யாருதுன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு அன்னிக்கே தெரியும். அவரு மடியில டப்பா இருந்துச்சில்ல, நீங்க சீட்ட நீட்டினப்ப அதோட மூடி தடதடன்னு ஆடுச்சு. நீங்க என்னியே பாத்துக்கினு இருந்தீங்க அங்கிள். நான் அவரப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அவரையும் நிக்க வெச்சுக் கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். அதுதான் உண்மை. அந்த ஒரு மாதம் முழுக்க அவள் முன்வரிசையில் முழங்காலில் நின்றது யாருக்காக என்று எனக்கு இப்போது தெரிகிறது. விசுவாசம் இல்லாதவள் என்று நான் தேடிப் பிடித்தவள். என் வாய் பழக்கத்துக்குப் போனது. "இப்ப கோயிலுக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தேவிட்டாள். "இதக் கேக்கத்தான் போன் பண்ணீங்களா? சில வாரம் போறேன். சில வாரம் போறதில்ல. இதையும் டப்பாவுல போட்டுக்கங்க, பேரு போடாம."

பத்து வரை எண்ணினேன், முசியே. வாயைத் திறக்கவில்லை. பதினொன்றில் அவள்தான் பேசினாள்.

"அந்தச் சீட்டு இன்னும் இருக்கா அங்கிள்?"

"இருக்கு. நான்தான் வெச்சிருக்கேன்."

"எனக்கு அனுப்பி வையுங்க. என்னுதுன்னு சொன்னேன்ல."

மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் உனக்கே நம்பிக்கை வந்திருக்காது. அனுப்புகிறேன் என்றேன். உன் மற்றச் சீட்டுகள் என்னிடமே இருக்கட்டும். சந்தேகமும் என்னிடமே இருக்கும், அது போகாது. மருந்துச் சீட்டிலும் கல்யாணப் பத்திரிகை உறையிலும் எங்கே ஏழைக் கண்டாலும் முதலில் அதன் நடுவைத்தான் என் கண் பார்க்கிறது. முன்பெல்லாம் யார் எழுதியது என்று பார்த்தேன். இப்போது அந்த ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்கிறேன்.

அவள் விலாசத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வீட்டு எண்ணில் ஒரு ஏழு இருந்தது. எழுதி முடித்த பிறகு, திரும்பப் போய் அதன் நடுவில் ஒரு கோடு போட்டேன். பழக்கம் இல்லாத கை, கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.